அவர் வாங்கிய கடனுக்கு நீங்கள் பொறுப்பா?

வணக்கம் நேயர்களே. பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்தாலும், போச்சம்பள்ளிப் பக்கம் போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனாலும், கடன் கொடுத்தவர் வந்து நிற்பது வீட்டு வாசலில்தான். "உன் வீட்டுக்காரர் வாங்கினார், நீ கட்டும்மா" என்பார்.

தாலி கட்டிக்கொண்டதால் மட்டும் கணவர் கடன் மனைவி தலையில் விழாது. மனைவி கடனும் கணவர் தலையில் விழாது. வீட்டுச் செலவுக்கு மளிகைக் கடையில் மனைவி கடன் சொல்லி வாங்கியிருந்தால் கணவரைக் கேட்கலாம். மற்றபடி கோர்ட் கேட்கும் முதல் கேள்வி, யார் கையெழுத்து?

அதனால் கையெழுத்து எந்த இடத்தில் என்று பாருங்கள். குழுக்கடன் படிவத்தை நீட்டி, "இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்த விரலை நகர்த்தச் சொல்லி, கீழே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 'சாட்சி' என்றிருந்தால் கடன் உங்களுடையதல்ல. 'நாமினி' என்றாலும் அப்படித்தான். 'இணைக் கடன்தாரர்' என்றால் முழுக்கடனும் உங்களுடையது. 'ஜாமீன்தாரர்' என்றாலும் முழுக்கடன்தான். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு. கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். பலரும் ஏமாறுவது இங்கேதான். தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், போடவே போடாதீர்கள். காலியிடத்தை அவர்கள் நிரப்பிக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது.

இருவர் பேரிலும் உள்ள கணக்கின் செக் திரும்பினால்? செக்கில் கையெழுத்துப் போட்டவர் மேல்தான் செக் மோசடி வழக்கு வரும். உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னது இது.

கணவர் இறந்துவிட்டால், அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த மதிப்பு வரைக்கும்தான் கடன். உங்கள் அம்மா வீட்டு நிலம், உங்கள் கூலி, உங்கள் நகை அதில் சேராது. பணம் கட்டும் முன், அந்தக் கடனுக்கு இன்சூரன்ஸ் பிடித்தார்களா என்று கேளுங்கள். புரோநோட்டை வைத்து வழக்குப் போடப் பொதுவாக 3 வருஷம்தான் கெடு. கெடுவுக்குள் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மறுபடி 3 வருஷம் ஓடும்.

ஜப்தி பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. தாலி, சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, இவற்றை ஜப்தி செய்ய முடியாது. கடனுக்குப் பயந்து நிலத்தை மனைவி பேருக்கு மாற்றினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். நோட்டீஸ் வந்தால் மடித்து வைக்காமல், தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எடுத்துப் போங்கள். பெண்களுக்கு வக்கீல் இலவசம். போன் எண் 15100.