வாடகை வீட்டு விருந்திலிருந்து மேடைக்கு: ஃபேட்ஸ் வாலருக்கு ஜேசன் மோரனின் அஞ்சலி

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920களில் ஒரு வழக்கம் இருந்தது. மாத வாடகைக்குப் பணம் போதவில்லை என்றால், குடியிருப்பவர் வீட்டிலேயே ஓர் இரவு விருந்து வைப்பார். வாசலில் சில்லறை கொடுத்து யாரும் உள்ளே வரலாம். சாப்பாடு உண்டு, ஆட்டம் உண்டு, பியானோ வாசிக்க ஓர் ஆள் உண்டு. பல நேரம் வேறு பக்கவாத்தியமே இருக்காது. அந்த ஒருவர்தான் கூட்டத்தை ஆடவைக்க வேண்டும்.

அந்த விருந்துகளில் பேர் எடுத்தவர்களில் ஒருவர் கறுப்பின ஜாஸ் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலர். 1904இல் பிறந்தவர், பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனிடம் 'ஸ்ட்ரைட்' என்ற வாசிப்புப் பாணியைக் கற்றவர். அந்தப் பாணியில் இடது கைக்கு ஓய்வே கிடையாது. கீழ்க்கோடியில் ஒரு தாழ்ந்த சுரத்தைத் தட்டும். உடனே நடுவுக்குத் தாவிச் சில சுரங்களைச் சேர்த்து அமுக்கும். மறுபடி கீழே பாயும். தாளம் முழுவதும் அந்தக் கையில் இருக்க, வலது கை மெட்டில் விளையாடும். போதாதென்று வாலர் பாடவும் செய்தார். புருவத்தை உயர்த்தி, கண்ணை உருட்டிச் சிரிக்கவும் வைத்தார். 1943 டிசம்பரில், ரயில் பயணத்தில், நிமோனியாவால் இறந்தார். வயது 39தான்.

2011இல் ஹார்லெம் ஸ்டேஜ் அமைப்பு, அவருக்கு அஞ்சலியாக ஒரு நிகழ்ச்சி செய்யும்படி பியானோ கலைஞர் ஜேசன் மோரனைக் கேட்டது. மோரன் ஜாஸ் பியானோ கலைஞர் ஜாக்கி பயார்டின் மாணவர். ஸ்ட்ரைட் மோரனுக்குக் கைவந்த கலை. நினைத்திருந்தால் பழைய இசைத்தட்டில் இருப்பதை அப்படியே வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. வாலரின் இசை மக்கள் ஆடுவதற்காகப் பிறந்தது. ஆகவே இன்றைய மக்களை ஆடவைப்பதுதான் அஞ்சலி என்று முடிவெடுத்தார். பாடகியும் பாஸ் கிதார் கலைஞருமான மெஷெல் என்டகியோசெல்லோவைச் சேர்த்துக்கொண்டு, பழைய மெட்டுகளை, பிற்கால ஆட்ட இசைகளான ஃபங்க், ஹிப்ஹாப் தாளங்களில் புதிதாகக் கட்டினார். வாலரின் பெரிய காகிதக்கூழ் முகமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு மேடையில் வாசித்தார். அந்த முகமூடியைச் செய்தவர் ஹைட்டிக் கலைஞர் திதியே சிவில்.

அந்த முகமூடிதான் என்னை மிகவும் தொடுகிறது. சிரிக்கவைக்கும் ஆளாகவே வாலரை உலகம் பார்த்தது. ஆனால், கறுப்பாய்ப் பிறந்ததற்கு நான் என்ன செய்தேன் என்று கேட்கும் 'பிளாக் அண்ட் புளூ' பாட்டின் இசையிலும் அவர் கை இருக்கிறது. 1929இல் வந்தது அது. வேடிக்கைக்காரர் என்ற பெயருக்குள் இப்படியொரு இசையமைப்பாளர் மறைந்துபோனது பெரிய அநியாயம். மோரன் அந்த முகத்தை மாட்டிக்கொண்டு வாசிக்கும்போது, நாம் சிரிப்போடு நின்றுவிட முடிவதில்லை, கைகளையும் கவனிக்கிறோம்.

இந்த இசை 2014இல் 'ஆல் ரைஸ்' என்ற பெயரில் புளூ நோட் நிறுவனத்தின் ஆல்பமாக வந்தது. அதில் வாலரின் 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' என்ற பியானோ உருப்படி இருக்கிறது. முதலில் வாலர் 1929இல் தனியாக வாசித்த பதிவைக் கேளுங்கள், பிறகு மோரனுடையதை. அந்த வரிசையில் கேட்டால்தான் மோரன் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது காதுக்குப் பிடிபடும்.