விரல்கள் அறிந்த கணினி

அனைவருக்கும் வணக்கம்.

கணினியின் கதையைச் சொல்லத் தொடங்கினால் அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களும் ஆண்டுகளும்தான் முதலில் வருகின்றன. அந்த இயந்திரங்களின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைப் பற்றிப் பேசவே நான் இன்று வந்தேன். தட்டச்சர்கள், விவரங்களைத் துளைகளாக அட்டையில் பதிக்கும் பஞ்ச் கார்டு அடித்தவர்கள், எழுத்தர்கள். அந்த இயந்திரங்களின் பாதி அறிவு அவர்கள் கையில்தான் இருந்தது.

மை இறக்கிப் பல நகல்கள் எடுக்கும் சைக்ளோஸ்டைலுக்காக, ஸ்டென்சில் என்னும் மெழுகுத் தாள் அடித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய தாளில் வெறும் எழுத்தச்சு படும்படி அடிக்க வேண்டும். அச்சு பட்ட இடத்தில் மெழுகு விலகும். அந்த வழியாகத்தான் பிறகு மை இறங்கும். முற்றுப்புள்ளியை மெல்லத் தொட வேண்டும், ஓங்கினால் தாள் பொத்துவிடும். ஆங்கில ‘ஓ’ எழுத்தை அழுத்தி அடித்தால் வட்டத்தின் நடு பெயர்ந்து விழும், நகலில் கறுப்புப் பொட்டாக வரும். பிழை வந்தால் திருத்தும் திரவத்தைத் தடவி, காயும்வரை பொறுத்து, அதன்மேல் மறுபடி அடிக்க வேண்டும். எந்த எழுத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்பது விரலுக்குத்தான் தெரியும். வீணை வாசிப்பவரின் விரலுக்கு இருக்கும் கணக்குக்கு அது குறைந்ததல்ல.

பஞ்ச் கார்டிலும் இதே கதைதான். ஒரு அட்டையில் 80 நெடுவரிசைகள். ஒருவர் துளையிட்டு முடித்த அட்டையை இன்னொருவர் சரிபார்க்கும் இயந்திரத்தில் வைத்து, அதே விவரத்தை மறுபடி முழுதாக அடிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் இயந்திரம் ஒரு சிறு வெட்டுப் போடும். அட்டைக் கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்பதும் உண்டு. கட்டு கைதவறிச் சிதறினால், அந்தக் கோடு நேராகும்வரை அடுக்கினால் போதும். இது இயந்திரம் தந்த வசதியல்ல. வேலை செய்தவர்கள் தாங்களாகக் கண்ட வழி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பிறகு மேசைக்கணினி வந்தது. 1978இல் வெளியான வேர்ட்ஸ்டார் என்ற எழுதும் மென்பொருள்தான் எங்களில் பலருக்கு முதல் எழுதுபலகை. அம்புக்குறி விசைகளே இல்லாத முனையங்கள், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவிகள், அப்போது நிறைய. அதனால் கண்ட்ரோல் விசையோடு இ, எஸ், டி, எக்ஸ் நான்கையும் அழுத்தித்தான் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்வோம். விசைப்பலகையில் அந்த நான்கும் ஒரு சாய்சதுரமாக இருப்பதைப் பாருங்கள். பத்தியைக் குறிக்க, சேமிக்க, இவற்றுக்கெல்லாம் கண்ட்ரோல் கே-யில் தொடங்கும் கட்டளைகள். நன்றாகப் பழகியவர் கையை இடம்விட்டு எடுக்காமலே ஒரு நீண்ட அறிக்கையைத் திருத்தி முடிப்பார். சுட்டியைத் தேடிக் கை அலையும் இன்றைய முறையைவிட அது வேகமானது என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

எழுதியதெல்லாம் 5.25 அங்குல பிளாப்பி என்னும் காந்தப் பூச்சுள்ள மெல்லிய தகட்டில் இருந்தது. இருபுறமும் சேர்த்து 360 கிலோபைட். அழிந்துவிடக் கூடாது என்றால் ஓரத்து வெட்டின்மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சத்தத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், கேட்டவர்களுக்கு இப்போதே காதில் விழும்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வேர்ட்ஸ்டார் தன் ஆவணங்களில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் எட்டாவது பிட்டை, அதாவது அந்த எழுத்தைக் குறிக்கும் 0, 1 குறிகளில் ஒன்றை, மாற்றி வைக்கும். இன்றைய சாதாரண மென்பொருளில் திறந்தால் சொல்லுக்குச் சொல் கடைசி எழுத்து சிதைந்து தெரியும். கோப்பு கெட்டுப்போயிற்று என்று பலர் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். கெடவில்லை, அந்த பிட்டை நீக்கினால் எழுத்து திரும்பிவிடும். பிளாப்பியின் காந்தப் பூச்சுதான் காத்திருக்காது. பழைய பிளாப்பிகள் உங்களிடம் இருந்தால் இந்த ஆண்டே நகலெடுங்கள். எந்த மென்பொருளில் எழுதியது என்பதை உறையின்மேல் குறித்து வையுங்கள். அதோடு, ஸ்டென்சில் அடித்தவர், அட்டை அடித்தவர் யாராவது வீட்டில் இருந்தால், அவர் கையை எப்படி வைத்து அடித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.