அப்கிரேடுக்கு முன்னால் திரும்பி வரும் வழியை எழுதி வையுங்கள்

வணக்கம். இன்றைக்கு ஈஆர்பி அப்கிரேடு. கணக்கு, சரக்கு, கொள்முதல், சம்பளம் என்று நிறுவனமே ஓடுகிற மென்பொருளைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு ஏற்றுகிற வேலை. புதிய பதிப்பில் என்னென்ன வசதி என்று சொல்ல, மென்பொருளை விற்கிற வெண்டரே போதும், அதற்கு நான் வேண்டாம். ஏற்றிய பிறகு சரியாக ஓடவில்லை என்றால் பழையதற்கு எப்படித் திரும்பி வருவீர்கள் என்பதைத்தான் நான் பேசப் போகிறேன்.

திட்டக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு பதில் வரும்: "பேக்கப் இருக்கு சார்." சரி, இருக்கிறது. அதை எப்போதாவது ரீஸ்டோர் செய்து, அதாவது அதிலிருந்து தரவைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தீர்களா, எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

முதலில் தேதி. அப்கிரேடு செய்யலாமா வேண்டாமா என்பது பல நேரம் நம் முடிவே இல்லை. எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய ஈஆர்பியான ஈசிசி 6.0-ஐ, அதிலும் மேம்பாட்டுத் தொகுப்பு (EHP) 6 அல்லது அதற்குப் பிந்தையதை வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான ஆதரவு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை ஓட்டலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலேயே முடிந்துவிட்டது. அந்தத் தேதிகளை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் எந்த வார இறுதியில் மாறுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. இதில் கோட்டை விட்டதற்கு இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற உதாரணம் ஹெர்ஷி, அமெரிக்க சாக்லேட் நிறுவனம். எஸ்ஏபி, மனுஜிஸ்டிக்ஸ், சீபெல் என்று மூன்று மென்பொருள்களை ஒரே திட்டத்தில் கொண்டுவந்தார்கள். நான்கு வருட வேலையை 30 மாதத்துக்குச் சுருக்கினார்கள். ஏப்ரலில் முடிய வேண்டியது தள்ளிப்போய் 1999 ஜூலையில் கோ-லைவ், அதாவது புதிய சிஸ்டத்தில் நிஜ வேலை தொடங்கிய நாள். ஹாலோவீன் ஆர்டர்கள் வந்து குவிகிற காலம் அது. கிடங்கில் சரக்கு இருக்கிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் நின்றுபோயின. ஆகவே உங்கள் வியாபாரம் சூடு பிடிக்கிற மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கிற மாதம், இரண்டையும் காலண்டரில் முதலிலேயே அடித்துவிடுங்கள். திட்டம் தள்ளிப்போனால் அந்த மாதத்துக்குள் போய் விழும் என்றால், அதையும் தாண்டித் தள்ளிப்போடுங்கள். "கொஞ்சம் லேட் ஆயிடுச்சு, பரவாயில்லை, போட்டுடலாம்" என்பது மட்டும் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திரையில் ஒரு ஷீட் தெரிகிறதா? இதுதான் கட்ஓவர் ஷீட். மாறுகிற வார இறுதியில் என்னென்ன நடக்கும் என்பது வரிசையாக இருக்கிறது. வேலை, செய்பவர் பெயர், தொடங்கும் நேரம், ஒத்திகையில் ஆன நேரம். கடைசி நெடுவரிசையைப் பாருங்கள்: "முடியாவிட்டால் என்ன?" பல நிறுவனங்களின் ஷீட்டில் இந்த நெடுவரிசையே இருக்காது, இருந்தாலும் காலியாக இருக்கும்.

நடுவில் ஒரு வரிக்குச் சிவப்பு நிறம் போட்டிருக்கிறேன். ஞாயிறு மாலை 7 மணி. இது எப்படி வந்தது என்றால், திங்கள் காலை 6 மணிக்கு ஆட்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பழைய தரவுத்தளத்தை ரீஸ்டோர் செய்ய ஒத்திகையில் 9 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் 2 மணி நேரம். 6 மணியிலிருந்து 11 மணி நேரம் பின்னால் போனால் ஞாயிறு மாலை 7. திரும்புவதா வேண்டாமா என்று அப்போதே முடிவெடுத்தாக வேண்டும். திங்கள் காலைவரை நேரம் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், உண்மையில் ஞாயிறு மாலையோடு கதவு மூடிவிடுகிறது. 7 மணி ஆகும்போது தொழில்நுட்ப ஆட்கள் "இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்க, முடிச்சிடுவோம்" என்பார்கள். எப்போதும் சொல்வார்கள், பாவம், அவர்கள் நம்பித்தான் சொல்கிறார்கள். அதனால்தான் முடிவெடுப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். அவர் பெயரை ஷீட்டில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். குழு என்று எழுதாதீர்கள், ஒரே பெயர்.

சரி, திங்கள் மதியம் பிரச்சினை தெரிந்தால் அப்போது ரீஸ்டோர் செய்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். காலையில் புதிய சிஸ்டத்தில் முதல் இன்வாய்ஸ் போட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி எண் 4512 என்றால் இது 4513. வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது, சரக்கும் லாரியில் ஏறிவிட்டது. இப்போது பழைய சிஸ்டத்தை வெள்ளிக்கிழமை நிலைக்குக் கொண்டுவந்தால் அதற்கு 4513 என்ற ஒன்று நடந்ததே தெரியாது. அடுத்து வருகிறவருக்கும் அதே 4513-ஐப் போடும். ஒரே எண்ணில் இரண்டு பேருக்கு இரண்டு இன்வாய்ஸ். இதற்கிடையில் வங்கிக்குப் பணம் அனுப்பும் ஃபைலும் போயிருந்தால், உங்களுக்குச் சரக்குக் கொடுத்த அதே ஆளுக்கு மறுபடியும் பணம் போகும். இரண்டு மணி நேரத்து வேலை என்றால் உட்கார்ந்து கையால் ஏற்றிவிடலாம். ஒரு முழு நாள் ஓடிவிட்டது என்றால் என் கருத்தில் திரும்புகிற பேச்சே கூடாது. புதியதிலேயே நின்று சரிசெய்ய வேண்டியதுதான். அதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்களா என்பதுதான் அப்போதைய கேள்வி. முதல் வாரம் கன்சல்டன்ட் யாரும் விடுப்பில் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஒரு சின்ன யுக்தி சொல்கிறேன். புதிய சிஸ்டத்தில் ஆவண எண்களை வேறு வரிசையில் தொடங்குங்கள். பழையது 4-இல் தொடங்கினால் புதியது 7-இல். வரி விதிகள் அனுமதிக்கிறதா என்று கணக்குத் துறையிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். திரும்ப வேண்டி வந்தாலும் எண்கள் மோதாது. எந்த ஆவணம் எங்கே பிறந்தது என்பதும் பார்த்தவுடன் தெரியும்.

திரும்புவதே சமயத்தில் ஆபத்தாகவும் முடியும். 2012 ஆகஸ்ட் 1, நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஏழில்தான் ஏற்றினார்கள். எட்டாவதில் பல வருடங்களாகப் பயன்படுத்தாத ஒரு பழைய நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. புதிய வசதிக்கு வைத்த அதே குறியீடு அந்தப் பழைய நிரலைக் கிளப்பிவிட்டது, அது கண்மண் தெரியாமல் ஆர்டர்களைப் போட ஆரம்பித்தது. இவர்கள் என்ன செய்தார்கள்? புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டிலுமே பழைய நிரல்! 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போனது. இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே சிஸ்டம் தானாக 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது, அந்தப் பழைய நிரலின் பெயரோடு. அவற்றை எச்சரிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ரோல்பேக், அதாவது பழையதற்குத் திரும்புவது என்பதும் ஒரு மாற்றம்தான். அதற்கும் ஒத்திகை வேண்டும்.

ஒத்திகை என்றால் வெண்டர் கொடுக்கும் மாதிரித் தரவை வைத்து இரண்டு பில் போட்டுப் பார்ப்பது இல்லை. உங்கள் உண்மையான தரவின் முழு நகலை எடுத்து, வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை கடிகாரத்தோடு செய்து பார்ப்பது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நகல் எடுத்தால் தரவு மட்டும் வராது. நேரம் வைத்து ஓடும் ஜாப்கள், மின்னஞ்சல் சர்வர் முகவரி, வங்கி இணைப்பு எல்லாம் சேர்ந்தே வரும். டெஸ்ட் சர்வரைக் கிளப்பியவுடன் இரவு ஜாப் தன் வேலையைப் பார்க்கும், உண்மையான வாடிக்கையாளர்களுக்கு "உங்கள் பாக்கித் தொகை" என்று மெயில் போய்விடும். அதனால் அப்ளிகேஷனைத் தொடங்குவதற்கு முன்பே தரவுத்தளத்தில் ஜாப்களை நிறுத்துங்கள், மெயில் முகவரியை மாற்றுங்கள், வெளி இணைப்புகளைத் துண்டியுங்கள். அப்புறம்தான் கிளப்ப வேண்டும். வரிசை முக்கியம்.

டிரையல் பேலன்ஸ், ஸ்டாக் மதிப்பு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது: இந்த அறிக்கைகளை வெள்ளி மாலை பழையதில் எடுத்துப் பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அன்று புதியதில் எடுத்து ஒப்பிடுங்கள். மொத்தம் பொருந்தினால் போதாது. பாதிப் பணம் வந்த இன்வாய்ஸ், பாதிச் சரக்கு வந்த கொள்முதல் ஆர்டர், இந்த அரைகுறைகள்தான் தவறாக மாறும். சில காசு வித்தியாசம் வந்தால் "ரவுண்டிங்தான் சார்" என்பார்கள். எந்தப் பதிவில் ரவுண்டிங் என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அது ரவுண்டிங் இல்லை.

நீங்களே எழுதிச் சேர்த்த ரிப்போர்ட்டுகள், எக்செல் அப்லோடுகள், லேபிள் பிரிண்டர் வடிவங்கள் தனிக் கதை. ஈசிசிக்கு அடுத்து வந்த எஸ்ஏபியின் எஸ் ஃபோர் ஹானாவில் பொருள் எண்ணின் இடம் 18 எழுத்திலிருந்து 40-ஆக நீண்டிருக்கிறது. 18 என்று கணக்குப் போட்டு எழுதிய பழைய புரோகிராம் இருந்தால் எண் பாதியில் வெட்டுப்படலாம், அல்லது வெளியே அனுப்பும் ஃபைலில் நெடுவரிசை நகர்ந்துவிடலாம். இதையெல்லாம் கன்சல்டன்டை விட, தினமும் அந்த லேபிளை ஒட்டுகிற ஆள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். ஒத்திகையில் அவரை உட்கார வையுங்கள்.

எவ்வளவு பேர் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள் என்பதையும் சோதியுங்கள். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி புதிய தளத்துக்கு மாறியபோது தரவு நன்றாகவே வந்து சேர்ந்தது. தளம்தான் தாங்கவில்லை. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் போனது, முழுவதும் சரியாக டிசம்பர் ஆகிவிட்டது. 2022-இல் 4.865 கோடி பவுண்டு அபராதம்.

பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சம்பளத்துக்குச் செய்யுங்கள், மாதத்துக்கு ஒரு முறைதானே. பில்லிங்குக்கு வேண்டவே வேண்டாம். ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறவர் மூன்றாம் நாளே ஒன்றை விட்டுவிடுவார். எதை விட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது.

பழைய சிஸ்டத்தை என்ன செய்வது? அழிக்காதீர்கள், பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து வையுங்கள். ஆனால் ஞாயிறு இரவே பதிவு செய்யும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள், மேலாளர் உட்பட. இல்லையென்றால் திங்கள் காலை யாராவது பழக்க தோஷத்தில் பழைய ஐகானைத் திறந்து நாள் முழுக்கப் பதிந்துகொண்டிருப்பார். அந்த ஐகானையும் டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்த ஷீட்டின் வெற்று வடிவம் கீழே இணைப்பில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே பெயர் நான்கு விதமாக இருப்பதை எப்படிச் சுத்தம் செய்வது என்று அடுத்த வீடியோவில் பார்க்கலாம். வரேன்.