பதினோரு கம்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். ஊர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ரோட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லித்தான் வந்தேன்.

இரவு பத்தரை மணிக்கு எங்கள் ஊர் விலக்கில் மில் வேன் வந்து நிற்கும். இரண்டாவது ஷிப்டு முடித்த பெண்கள் எட்டு ஒன்பது பேர் இறங்குவார்கள். விலக்கிலிருந்து ஊருக்குள் வர அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நடுவில் ஓர் ஓடைப்பாலம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். வேன் திரும்பிப் போகிற வரைக்கும் அதன் விளக்கு வெளிச்சம் இருக்கும். அப்புறம் கையில் இருக்கிற போன் டார்ச்தான்.

போன வருடம் வைகாசியில் ஒருநாள், இரண்டு பேர் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாலேயே பாலம் வரைக்கும் வந்திருக்கிறார்கள். கை வைக்கவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. பின்னால் வந்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் வேலைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் இன்னொருத்தி நின்றாள். மில் வேலை கஷ்டம் என்று அவர்கள் நிற்கவில்லை. ரோட்டுக்குப் பயந்து வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரோட்டில் இருட்டு இருந்தால் அதைச் சரிசெய்ய நமக்கு மூன்று வருடம் ஆகிறது. ஒரு பெண்ணை வீட்டில் உட்கார வைக்க ஒரே ராத்திரி போதுமாக இருக்கிறது.

கிராம சபையில் இதைச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னோம், மூன்று முறை. ‘தெருவிளக்குகளைப் பராமரிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று மூன்று முறையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. நானே புரட்டிப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகம். ஊராட்சிச் செயலரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படாமல் ஒரு கேள்வி கேட்டார். ‘எந்தக் கம்பம்க்கா?’

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கம்பங்களை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஒரு வாரம் இருந்தது. குழுவில் ஆறு பேர் சேர்ந்து இரவு பத்து மணிக்கு விலக்குக்குப் போய் நின்றோம். வேன் வந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து ஊருக்கு நடந்தோம். ஒவ்வொரு கம்பத்திலும் நின்று, டார்ச் அடித்து, பெயின்ட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்துப் பள்ளிக்கூட நோட்டில் எழுதினோம். எங்கே பயமாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டோம். நான் பாலத்தைச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர்கள் காட்டியது பாலத்துக்கு முன்னால் இருக்கிற பழைய நிழற்குடை. பஸ் நிற்பதை நிறுத்தி வருடக்கணக்காகிறது. உள்ளே யாராவது உட்கார்ந்திருந்தால் ரோட்டில் வருகிறவர்களுக்குத் தெரியாது, உள்ளே இருப்பவனுக்கு ரோடு முழுக்கத் தெரியும். பகலில் நூறு தடவை கடந்து போன எனக்கு இது தோன்றவே இல்லை.

மொத்தம் பதினோரு கம்பம். நாலில்தான் வெளிச்சம் ரோட்டில் விழுந்தது. மூன்றில் பல்பு ஃபியூஸ். இரண்டில் விளக்கு எரிகிறது, ஆனால் புங்கமரக் கிளை மூடி வெளிச்சம் முழுக்க இலைக்குள்ளேயே நிற்கிறது, கீழே ஒரு பொட்டு விழவில்லை. கடைசி இரண்டு, பாலத்தை ஒட்டினவை, அவற்றில் விளக்கே கிடையாது. தெருவிளக்குக்கான தனி ஒயர் அந்தக் கம்பங்கள் வரைக்கும் இழுக்கப்படவே இல்லை என்று மறுநாள் லைன்மேன் வந்து பார்த்துச் சொன்னார்.

எங்களுக்கு விஷயம் புரிந்தது அப்போதுதான். ‘இருட்டு’ என்று நாங்கள் ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தது நாலு தனித்தனி வேலை. பல்பு மாற்றுவது ஊராட்சியின் வேலை. எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரே செய்துவிடுவார். கிளை வெட்ட மின்வாரியம் லைனை ஆஃப் செய்து தர வேண்டும். ஒயர் இழுக்க மின்வாரியம் எஸ்டிமேட் போட்டு, ஊராட்சி பணம் கட்ட வேண்டும். நிழற்குடையை இடிப்பதற்கு ஒன்றிய அலுவலகம் வரைக்கும் போக வேண்டும். பொத்தாம்பொதுவாக எழுதின தீர்மானம் இதில் எந்தக் கதவையும் தட்டவில்லை.

இரவில் இப்படிப் பெண்கள் நடந்து பார்த்துக் குறிப்பெடுப்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. கனடாவில் டொரான்டோ நகரத்தில் 1989-ஆம் ஆண்டு மெட்ராக் என்ற அமைப்பு இதற்கு ஒரு முறையை வகுத்தது. டெல்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பு பல இடங்களில் இதைச் செய்திருக்கிறது. பாதுகாப்புத் தணிக்கை என்று அதற்குப் பெயர். மகளிர் குழுக்களின் கூட்டமைப்புப் பயிற்சியில் ஒரு மேடம் சொல்லிக் கேட்டதுதான் எனக்கு நினைவில் நின்றது. ஒரு நோட்டும் டார்ச்சும் இருந்தால் எந்த ஊரிலும் நடக்கலாம்.

கிராம சபைக்கு வருகிறேன். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது. அடுத்த வருடம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகள் அதன் 110-வது பிரிவில் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பொதுச் சாலைகளுக்கு விளக்குப் போடுவது அதில் ஒன்று. அந்த வரியை நாங்கள் மனுவில் அப்படியே எழுதினோம். கெஞ்சுகிற தொனி அதோடு போய்விட்டது. இது எல்லா ஊருக்கும் பொருந்தும், தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நாலு கூட்டம். 2022-இல் அரசு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கியது. முதலில் தண்டோரா போட்டுக் கூப்பிடுவார்கள். அது மனிதரை இழிவுபடுத்துகிறது என்று அதே வருடம் அரசு நிறுத்தச் சொன்னது, ரொம்ப நியாயம். இப்போது ஆட்டோவில் மைக் கட்டி வருகிறார்கள். எங்கள் ஊர் ஜனத்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் வரை இருக்கிற ஊருக்குக் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த நூறு கையெழுத்து எப்படிச் சேருகிறது என்பது உங்களுக்கே தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், அடுப்பு நினைவு வந்து கிளம்பிவிடுவார்கள். பேசுகிறவர்கள் முன்வரிசையில் பத்துப் பேர். ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்குகிற பெண்ணின் பயம் பகல் பதினோரு மணிக் கூட்டத்துக்குத் தானாக வராது. யாராவது தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

அன்றைக்கு நான் நோட்டைப் பிரித்துக் கம்பம் நம்பரோடு வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் ஒரு பெரியவர் எழுந்தார். எனக்குச் சித்தப்பா முறை. ‘பொம்பளப் பிள்ளைக ராத்திரி வேலைக்குப் போகணும்னு என்ன கட்டாயம்?’ என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்திருக்காமலே சொன்னாள். ‘மாமா, எம்மக சம்பளத்துலதான் வீட்டுக் கடன் கட்டுறேன். நீங்க கட்டுறீகளா?’ சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பேத்தியைப் பற்றின கவலைதான் அவருக்கும். கூட்டம் முடிந்து என்னிடம் வந்து, கம்ப நம்பரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லித் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

இளவட்டங்கள் கேமரா வேண்டும் என்றார்கள். பணம் திரட்டி விலக்கில் கடைக்காரர்களே ஒன்று மாட்டியும் இருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் கேமராவுக்கு முன்னால் விளக்கு வர வேண்டும் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நடந்து முடிந்த பிறகு யார் என்று பார்க்கத்தான் கேமரா உதவும். ஒரு பெண் முகத்தை நிமிர்த்தி நடந்து வர வெளிச்சம் வேண்டும், எதிரே நாலு பேர் நடமாட வேண்டும். அதற்காகவே ஒன்பதரைக்கு அடைக்கிற டீக்கடை அண்ணனிடம் பதினொன்று வரைக்கும் திறந்து வையுங்கள் என்று கேட்டோம். வைத்திருக்கிறார். தனி வருமானம் ஒன்றும் இல்லை அவருக்கு.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வேண்டும் என்றும் பேச்சு வந்தது. அது நெடுஞ்சாலைத் துறை ரோடு, ஊராட்சி நேரடியாகப் போட முடியாது, தீர்மானத்தை அனுப்பத்தான் முடியும். அதுவரை பொறுக்காமல் நாமே ஜல்லி கொட்டிப் போட்டுவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். வேண்டாம். சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்று அளவு வைத்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், அகலம் 3.7 மீட்டர், வெள்ளைக் கோடு, முன்னாலேயே ஓர் அறிவிப்புப் பலகை. செங்குத்தாக முட்டுப் போல் போட்ட வேகத்தடையில், பின்னால் உட்கார்ந்து வந்த கர்ப்பிணிப் பெண் தூக்கி எறியப்பட்டதை நான் பக்கத்து ஊரில் பார்த்திருக்கிறேன்.

தீர்மானம் இந்த முறை ஒன்றரைப் பக்கம் வந்தது. கம்ப நம்பர், என்ன குறை, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். ஃபியூஸ் போன மூன்றும் ஒரு வாரத்தில் எரிந்தன. கிளையை வெட்ட ஒரு மாதம். கருவேலத்தை ஜே.சி.பி. வைத்து ரோட்டிலிருந்து பத்தடிக்கு எடுத்தார்கள், மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும், வருடா வருடம் பார்க்க வேண்டும். பாலத்தடிக்கு ஒயர் வரத்தான் இழுபறி. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிருந்தது. நேரில் போய்க் கேட்க ஊருக்குள் தலைவர் இல்லை. கிராம சபை மட்டும் இருந்தது. அக்டோபர் 2-இல் அதே நோட்டோடு போனோம், நவம்பர் 1-இலும் போனோம். மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் அந்த இரண்டு கம்பத்திலும் விளக்கு எரிந்தது.

உதவி எண்களையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள், போனில் மட்டும் இருந்தால் போதாது.

வேலையை விட்ட இரண்டு பேரில் ஒருத்தி தை மாதம் திரும்பப் போக ஆரம்பித்தாள். இன்னொருத்திக்கு அதற்குள் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். நிழற்குடை இன்னும் அப்படியே இருக்கிறது. இடிக்க உத்தரவு வர வேண்டும். வருகிற கூட்டத்துக்கு அதுதான் எங்கள் நோட்டில் முதல் வரி. அதுவரைக்கும் தினமும் பத்தரைக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் முறை போட்டு அதன் திண்ணையில் போய் உட்காருகிறோம்.

வணக்கம்.