சாம்பார் சிந்தாத சாலை

நேயர்களுக்கு வணக்கம்.

காலை எட்டரை மணிக்குப் புதுச்சேரியின் கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம் நின்று, சைக்கிளில் போகிறவர்களின் சக்கரம் எந்த இடத்தில் உருள்கிறது என்று மட்டும் பாருங்கள். தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஒரு முழ விளிம்பில்தான் உருளும். உள்ளே ஏறினால் பஸ் ஹாரன். வெளியே இறங்கினால் மணல் சறுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பேப்பர் போடுகிறவர்கள், கடைச் சிப்பந்திகள் எல்லாருக்கும் அந்த விளிம்புதான் சாலை.

ஒரு பெரிய சாலையைத் திருத்தி, சைக்கிளுக்குத் தனித் தடமும் மரமும் செடியும் வைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. வானொலியில் படம் காட்ட வழியில்லை. அதனால் ஒரு தூக்குவாளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால்வாசி சாம்பார். மூடி கொஞ்சம் லூஸ். சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறது. மூன்று கிலோமீட்டர் போய் இறங்கும்போது சாம்பார் சிந்தாமல் இருந்தால் அது சைக்கிள் தடம். சிந்தியிருந்தால், எத்தனை பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தாலும், தரையில் எத்தனை சைக்கிள் படம் வரைந்திருந்தாலும் அது தடம் இல்லை. இந்தத் தூக்குவாளியை இன்றைக்கு அடிக்கடி எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தெருவுக்கும் தனித் தடம் வேண்டியதில்லை. பழைய நகரைச் சுற்றி ஓடும் பூல்வார் சாலைகளுக்கு உள்ளே இருக்கிற வீதிகளில் வண்டிகளை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் ஓட வைத்தாலே போதும், சைக்கிளும் காரும் சேர்ந்தே போகலாம். பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் வாடகைச் சைக்கிளில் சுற்றும் பயணிகளுக்காகத் தடம் போடும் ஆசை யாருக்கும் வரும், படம் எடுத்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் தடம் தேவைப்படுவது பஸ்ஸும் லாரியும் வேகமாக ஓடுகிற இடத்தில்: கடலூர் சாலை, விழுப்புரம் சாலை, நூறு அடி சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை.

சரி, அகலக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள், கூட்டல் மட்டும்தான்.

நம் பக்கத்தில் சாலைக்குப் படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து தொடங்குவார்கள். முதலில் சென்டர் மீடியன், அப்புறம் வண்டிகளுக்கு மூன்று மூன்று தடம், அப்புறம் மிச்சம். அந்த மிச்சத்தில்தான் நடைபாதை, வாய்க்கால், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், மரம், இளநீர் வண்டி, நிறுத்திய ஸ்கூட்டர் எல்லாம் அடித்துக்கொள்ளும். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். சாலையைக் கடை வாசலிலிருந்து அளந்துகொண்டு உள்ளே வாருங்கள்.

100 அடி அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 30.5. பாதிக்கு 15.25. கடை வாசலை ஒட்டி நடைபாதைக்கு 2.7 மீட்டர். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட நடைபாதை விதி, தடங்கல் இல்லாமல் நடக்க 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது. கடை முன் நின்று பார்க்கிறவர்கள், பலகை, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் மேலே இன்னும் 0.9 மீட்டர் போய்விடும், அதனால் 2.7. அடுத்து சைக்கிள் தடம் 2.2 மீட்டர். ஒருவர் ஓட்டும்போது இப்படியும் அப்படியும் ஆடுவதற்குச் சேர்த்து ஒரு மீட்டர் வேண்டும். ஒருவரை ஒருவர் தாண்ட இரண்டு மீட்டர். 1.2 மீட்டரில் தடம் போட்டால் முன்னால் போகும் முதியவர் பின்னால் பத்துப் பேர் வரிசையில் போக வேண்டும். பத்தாவது ஆள் சாலைக்கு இறங்கிவிடுவார்.

அதற்கடுத்து 2.75 மீட்டர் பட்டை ஒன்று. இதில்தான் மரம், விளக்குக் கம்பம், வண்டி நிறுத்தம், பஸ் நிழற்குடை எல்லாம் மாறி மாறி வரும். காருக்கு 2 மீட்டர், மீதி முக்கால் மீட்டர் கார்க் கதவு திறப்பதற்கு. அந்த முக்கால் மீட்டரை யாரும் விட மாட்டார்கள், விடாததால்தான் கதவில் மோதி விழுகிறார்கள். பிறகு வண்டிகளுக்கு இரண்டு தடம், பஸ் ஓடும் பக்கம் 3.5, உள்பக்கம் 3.25, ஆக 6.75. கடைசியில் சென்டர் மீடியனில் பாதி, 0.85. கூட்டிப் பாருங்கள், 15.25 வரும். எதிர்ப்பக்கமும் இதே.

மூன்று தடம் இரண்டாகிவிட்டதே என்று கேட்பீர்கள். இப்போதும் மூன்றாவது தடம் இருக்கிறதா? நிறுத்திய வண்டிகளும் தள்ளுவண்டிகளும்தான் அதில் இருக்கின்றன. ஓடாத தடத்தை ஓடுவதாக எண்ணிக் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது தண்ணீர். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறையச் சைக்கிள் தடங்கள் சாவது தண்ணீரால்தான்.

சாலை நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. மழை பெய்தால் தண்ணீர், மணல், ஆணி, உடைந்த கண்ணாடி எல்லாம் ஓரத்துக்கு வரும். சைக்கிள் ஓடுவதும் ஓரத்தில்தான். ஆகவே வெறும் கோடு போட்டுப் பிரித்த தடம் ஐப்பசியில் வாய்க்காலாகிவிடும். தடத்தை வண்டிச் சாலையைவிட 10 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். நடைபாதை அதற்கு மேலே இன்னும் 5 சென்டிமீட்டர். இந்த 5 சென்டிமீட்டர் ஓரக்கல்லைச் செங்குத்தாக வைக்காமல் சாய்வாக வைக்க வேண்டும். சைக்கிள் பெடல் கீழே வரும்போது தரைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. செங்குத்துக் கல்லில் பெடல் இடித்தால் ஆள் குப்புற விழுவார்.

குறுக்குச் சரிவு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், கூடினால் தூக்குவாளி ஒரு பக்கம் சாயும். தண்ணீர் இறங்கும் வாயை 15, 20 மீட்டருக்கு ஒன்றாக, ஓரக்கல்லின் பக்கவாட்டில் திறப்பது நல்லது. சக்கரம் போகும் தரையில் கம்பி மூடி வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். திசையோடு நீளவாக்கில் போட்டால் கியர் சைக்கிளின் ஒல்லி டயர் உள்ளே இறங்கி நிற்கும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். பட்டறையில் சரியாகச் செய்து அனுப்பிய மூடியைத் தூர் வாருகிறவர்கள் திருப்பி மாட்டிவிடுவதும் உண்டு. அதனால் சதுர மூடி செய்யக் கூடாது. நீள்சதுரமாகச் செய்தால் ஒரே விதமாகத்தான் உட்காரும். சின்ன விஷயம்தான், ஆனால் தூக்குவாளியைக் கேட்டுப் பாருங்கள்.

வாய்க்கால் மேல் சிலாப் போட்டு அதையே சைக்கிள் தடமாக்குவது இன்னொரு வழக்கம். இடம் மிச்சம் என்று தோன்றும். ஒவ்வொரு சிலாப்பும் ஒரு முறை தூக்கினால் மறுபடி சமமாக உட்காராது, ஒன்று ஆடும், ஒன்று எழும்பும். டக், டக், டக் என்று மூன்று கிலோமீட்டர். சிலாப் நடைபாதைக்கு அடியில் போகட்டும். நடக்கிற கால் ஒரு சென்டிமீட்டர் மேடு பள்ளத்தைப் பொறுத்துக்கொள்ளும், சக்கரம் பொறுக்காது.

பேவர் பிளாக்கும் அப்படித்தான். நடைபாதைக்கு நல்லது, தோண்டி மறுபடி போடலாம். சைக்கிளுக்கு ஒவ்வொரு இடுக்கும் ஒரு குட்டி வேகத்தடை. தடத்துக்கு இயந்திரத்தால் போட்ட தார், அல்லது துடைப்பத்தால் கோடிட்டுச் சொரசொரப்பாக்கிய கான்கிரீட். வழவழப்பான பச்சைப் பெயிண்ட் மழையில் சோப்புப் போட்டது போல ஆகும். முனைகளில் மட்டும் நிறம் போதும்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கு எந்த ஓர வாய்க்காலும் தாங்காது, அதை வைத்து யாரும் அளவு போடவும் முடியாது. நான் சொல்வது சாதாரண அடைமழைக்கு. தண்ணீர் இறங்கும் வாய்க்குக் கீழே மணலைப் பிடிக்க ஒரு வண்டல் தொட்டி வேண்டும்; அதன் அடி, தண்ணீர் வெளியேறும் குழாய் வாய்க்கு 30 சென்டிமீட்டர் கீழே இருந்தால் மணல் அங்கேயே தங்கும். புரட்டாசி முடிவதற்குள் அந்த மணலை அள்ளிவிட வேண்டும். அள்ளிய மணலைத் தடத்திலேயே குவித்து வைக்காமல் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். தேவை இருக்கிறது.

தண்ணீருக்கு அடுத்தபடி சாம்பாரைச் சிந்த வைப்பது வாசல் சாய்வு. ஒவ்வொரு கடைக்காரரும், கல்யாண மண்டபமும், பெட்ரோல் பங்கும் கார் ஏற ஒரு சாய்வு கட்டுவார்கள். நடைபாதையும் தடமும் வாசலுக்கு வாசல் இறங்கி ஏறும், கடல் அலை மாதிரி. இதற்கு ஒரே விதிதான்: நடக்கிறவரும் சைக்கிளும் ஒரே மட்டத்தில் நேராகப் போக, கார் ஏறி இறங்கட்டும். 10 சென்டிமீட்டர் உயரம் ஏறக் காருக்கு 60 சென்டிமீட்டர் நீளச் சாய்வு போதும். நம்மிடம்தான் 2.75 மீட்டர் பட்டை இருக்கிறதே, அதற்குள் முடிந்துவிடும். பட்டை இல்லாமல் திட்டம் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

குறுக்குத் தெரு முனையிலும் இதே விதி. தடம் கீழே இறங்கக் கூடாது, தெரு மேலே ஏறித் தடத்தைக் கடக்கட்டும். வண்டிக்கு அது வேகத்தடை, சைக்கிளுக்குச் சமதளம். முனையைப் பத்து மீட்டர் ஆரத்தில் விசாலமாக வளைத்தால் கார் பிரேக்கைத் தொடாமலே திரும்பும். நான்கு, ஐந்து மீட்டராகச் சுருக்கினால் வேகம் தானாகக் குறையும்.

பஸ் நிறுத்தத்தில் தடம் நிழற்குடைக்குப் பின்னால் போக வேண்டும். பஸ் பட்டையை ஒட்டி நிற்கும், பயணிகள் அந்தப் பட்டையிலேயே காத்திருப்பார்கள், சைக்கிள்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போகும். அந்த இடத்தில் மட்டும் தடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, கடக்கும் கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பஸ்ஸும் தடத்தை வெட்டிக்கொண்டு உள்ளே வரும்.

ஸ்கூட்டர்கள் தடத்தில் நுழையாதா என்பார்கள். நுழையும். காரைத் தடுப்புக் கட்டை நட்டு நிறுத்தலாம், கட்டைக்குக் கட்டை 1.2 மீட்டர். ஸ்கூட்டரை அப்படி நிறுத்த முடியாது. ஸ்கூட்டர் நுழையாத இடைவெளியில் மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளியும் நுழைய முடியாது. கட்டையை நெருக்கி நட்டு அவரை வெளியே நிறுத்துவதைவிட, நெரிசல் நேரத்தில் முனையில் ஒரு போக்குவரத்துக் காவலர் நிற்பது மேல்.

மரத்துக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது இரண்டு ஊரிலும் மரங்கள் எப்படி விழுந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அடிமரம் வரை சிமென்ட் பூசி, ஒரு பக்கம் வாய்க்காலுக்கு வேரை வெட்டிய மரம் காற்றில் நிற்காது. குழி 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர், ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையாமல். மண்ணை ரோலர் ஏற்றி இறுக்கக் கூடாது. குழியைச் சுற்றி மேடை கட்டாதீர்கள், ஓரக்கல்லில் ஒரு கை அகல வெட்டு விட்டால் மழைத் தண்ணீர் தானே உள்ளே போகும். மரத்துக்கு மரம் 8 மீட்டர்.

வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம் நல்லவை. உப்புக் காற்றுக்குப் புன்னை கெட்டி, ஆனால் அதன் கோலிக்குண்டு மாதிரிக் காய் தடத்தில் உருளும். நாவலும் தடத்தின் மேல் வேண்டாம், பழம் நசுங்கினால் வழுக்கும். குல்மோஹர் என்கிற செம்மயில்கொன்றை பூக்கும்போது கண்ணுக்கு விருந்து, கிளை சட்டென்று முறியும். தூங்குமூஞ்சிக்கு இந்தப் பட்டை காணாது. காகிதப்பூவைத் தடத்தோரம் நடவே நடாதீர்கள். கத்தரித்த முள் டயரில் ஏறும், பஞ்சர் கடைக்காரர் மட்டும் வாழ்த்துவார். கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் செடி முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, அதற்குப் பின்னால் நிற்கும் குழந்தையை ஓட்டுநர் பார்க்க முடியாது.

கடிகாரம் காட்டுகிறார்கள். விளக்கு, சிக்னல், தள்ளுவண்டிக்காரர்கள் என்று மூன்று வைத்திருந்தேன். ஒவ்வொரு வரி. மரம் வளர்ந்ததும் உயரமான தெருவிளக்கு இலைக்குத்தான் வெளிச்சம் போடும், அதனால் 4, 5 மீட்டர் உயரத்தில் தனி விளக்கு நடைபாதைப் பக்கம் வேண்டும். சிக்னலில் சைக்கிள் நிற்கும் கோடு, கார் நிற்கும் கோட்டுக்கு 3 மீட்டர் முன்னால் இருக்கட்டும். தள்ளுவண்டிக்குப் பட்டையில் இடம் குறித்துக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் தடத்தில்தான் நிற்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னும் அரை நிமிடம் இருக்கிறதாம். கல் வைப்பதற்கு முன்னால் 300 மீட்டர் நீளத்துக்கு டிரம்மும் கயிறும் சுண்ணாம்புக் கோடும் வைத்து மூன்று வாரம் ஓட்டிப் பாருங்கள். தவறு தெரிந்தால் டிரம்மை நகர்த்தினால் போதும். குடிநீர்க் குழாயும் கேபிளும் பதித்த பிறகே தடம் போடுங்கள், 50 மீட்டருக்கு ஒரு காலிக் குழாயைக் குறுக்கே புதைத்து வையுங்கள், அடுத்த வருடம் யாராவது கேபிள் இழுக்க வருவார்கள்.

வணக்கம்.