பொட்டலில்தான் நாடகம் வாழ்ந்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அம்மன் திருவிழாவுக்கு வந்து பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஐயாமார்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

‘நாடகக் கலையை வாழவைத்தது கட்டிய அரங்கமா, ஊர்ப் பொட்டலா?’ என்பது தலைப்பு. பொட்டல் என்றால் சுவரில்லாத வெட்டவெளி. பொட்டல்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி சிலப்பதிகாரத்தில் தொடங்கினார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று, அளவுகோலால் அளந்து, இளங்கோ அரங்கத்துக்கு அளவே கொடுத்திருக்கிறாரே என்றார். உண்மை. மூன்று வகைத் திரையையும் சொல்கிறார். ஆனால் அது அரசன் பார்க்க மாதவி அரங்கேறிய மேடை. அதே இளங்கோ மதுரைக்குப் பக்கத்தில் இடைச்சியர் கைகோத்து ஆடும் ஆய்ச்சியர் குரவைக்கு வரும்போது, மாயவனாகிய கண்ணன் தன் அண்ணனோடு நாடகம் ஆடிய இடமாக எதைச் சொல்கிறார்? எருமன்றம்! மாடு நிற்கிற மந்தை. சாணி உலர்ந்த மண்ணில் ஆடியதையும் அவர் ‘நாடகம்’ என்றே சொன்னார்.

சோழர் காலத்திலும் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆட, ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுத்ததாக இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அந்த நெல் ஆடுகிறவருக்கு, அரங்கம் கட்ட அல்ல.

சரி, நம்ம சீமைக்கு வருவோம். எதிரணித் தலைவர் ஏவி.எம். சினிமா ஸ்டுடியோ பிறந்த கதையைப் பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது பெருமைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையைப் பிடித்து ஸ்டுடியோ ஆக்கினார். மேடையில் நடந்த நாடகம் ஒன்று அங்கே படமாகி, 1947-இல் ‘நாம் இருவர்’ என்று வெளிவந்தது. ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கொட்டகையில் நாடகம் என்ன ஆயிற்று? 1948-இல் ஸ்டுடியோவும் கோடம்பாக்கம் போய்விட்டது. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கிய பிறகு எத்தனையோ ஊர்களில் இதுதான் நடந்தது. நாடகக் கொட்டகை சினிமாக் கொட்டகை ஆனது, அப்புறம் கல்யாண மண்டபம் ஆனது. சுவர் எழுப்பியவருக்கு வாடகை வேண்டும். வரும்படி குறைந்த அன்றைக்கே கலையை வெளியே நிறுத்திவிடுவார். பொட்டலுக்கு யார் வாடகை கேட்கப் போகிறார்கள்?

நாடகங்கள் எழுதிக் குவித்த சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-இல். நூறு வருஷம் தாண்டிவிட்டது. அவருடைய வள்ளி திருமணம் இன்னும் நம் ஊர்களில் விடிய விடிய நடக்கிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு, நாடக நடிகர் சங்கத்தில் பேசி முடிக்கிறோம். கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் புதுக்கோட்டையில் இருந்து வருவார், கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் மதுரையில் இருந்து வருவார், ஆர்மோனியக்காரர் காரைக்குடி. ஒத்திகையே கிடையாது. பல பேர் அன்று ராத்திரிதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பத்து மணிக்கு ஆர்மோனியம் எழும். சிரிக்க வைக்கும் பபூன் வருவார். நடுச்சாமத்துக்கு மேல் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வார்கள். கிழக்கு வெளுக்கும்போது முருகனுக்குக் கல்யாணம்.

ஒத்திகை இல்லாமல் இது எப்படி நடக்கிறது? நடிகர்களுக்கு மட்டுமா, கூட்டத்துக்கும் அந்த நாடகம் மனப்பாடம். என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தர்க்கத்தில் நாரதர் ஓர் அடியை விட்டுவிட்டால், ஓலைப்பாயில் உட்கார்ந்தபடியே எடுத்துக் கொடுப்பார். மேடையில் இருந்து நாரதர் கும்பிட்டுவிட்டு அந்த அடியைத் திரும்பப் பாடியதை நான் பார்த்திருக்கிறேன். சீட்டு வாங்கி இருட்டில் உட்கார்ந்தவருக்கு அந்த உரிமை வருமா?

மழை வந்தால் பொட்டல் தாங்குமா என்று கேட்டார்கள். தாங்காதுதான். ஆர்மோனியத்தைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இன்றைக்குப் பல ஊர்களில் கூரை போட்ட சிமெண்டு மேடை இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கூரை மேடைக்கு. உட்கார்ந்து பார்க்கிற சனத்தைச் சுற்றி நாங்கள் சுவர் வைக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு எந்த நேரமும் வந்து உட்காரலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி இதே இடத்தில் வள்ளி திருமணம். சகோதரியும் எதிரணித் தலைவரும் அவசியம் வர வேண்டும். அதோ அந்த வேப்பமரத்தடியில், அப்பத்தா உட்காருகிற இடத்தில், உங்களுக்குப் பாய் போட்டு வைக்கிறேன்.