சதுரத்துக்குள் அகலப் படம்: ஆண்ட்ராய்டின் இமேஜ்வியூ

[திரையில்: அருகருகே மூன்று சதுரங்கள், மூன்றிலும் ஒரே முகம்]

வணக்கம். இந்த மூன்று சதுரங்களிலும் இருப்பது ஒரே புகைப்படம்தான். முதல் சதுரத்தில் மேலும் கீழும் வெற்றுப் பட்டைகள் தெரிகின்றன. இரண்டாவதில் முகம் நீண்டுவிட்டது. மூன்றாவதில் சரியாக நிறைந்திருக்கிறது. நிரலில் மாறியதோ ஒரே ஒரு சொல்.

ஆண்ட்ராய்டில் படம் காட்டுவதற்கென்றே உள்ள வியூ, அதாவது திரையுறுப்பு, இமேஜ்வியூ. திரையின் அமைப்பை எழுதும் லேஅவுட் கோப்பில் அதற்கு அகலமும் உயரமும் 120 டிபி (திரையின் அடர்த்திக்கேற்பப் பிக்சலாக மாறும் அளவு) என்று கொடுத்து, டிராயபிள் கோப்புறையில் வைத்த படத்தின் பெயரை எஸ்ஆர்சி பண்பில் எழுதினால், படம் திரைக்கு வந்துவிடும். பயனர் தம் கேமராவில் எடுத்த படத்தை அதே இடத்தில் காட்ட வேண்டிவரும்போதுதான் வேலை தொடங்குகிறது.

[திரையில்: 4000 × 3000 படம், பக்கத்தில் 360 × 360 சதுரம்]

480 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 480 புள்ளி) அடர்த்தியுள்ள திரையில் ஒரு டிபி என்பது 3 பிக்சல். ஆகவே நம் சதுரம் 360க்கு 360 பிக்சல். படமோ 4000க்கு 3000. இரண்டின் வடிவமும் வேறு என்பதால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். எது என்பதைச் சொல்வதே ஸ்கேல்டைப் என்னும் பண்பு. நாம் எதுவும் எழுதாவிட்டால் அது ஃபிட்சென்டர்: முழுப் படமும் தெரியும்படி 360க்கு 270 ஆகச் சுருங்கி, மேலும் கீழும் 45 பிக்சல் காலியாக நிற்கும். ஃபிட்எக்ஸ்ஒய் சதுரத்தை நிரப்பிவிடும். ஆனால் முகம் இயல்பைவிட மூன்றில் ஒரு பங்கு நீண்டுவிடும். சென்டர்கிராப் படத்தை 480க்கு 360 ஆக்கி, இடமும் வலமும் 60 பிக்சலை வெட்டும். முகப்படத்துக்கு நான் சென்டர்கிராப்பையே வைப்பேன். ரசீதுக்கு வைக்கமாட்டேன், ஏனென்றால் ஓரத்தில் இருக்கும் தொகை வெட்டுப்பட்டுப் போகும். ஐஓஎஸ் பக்கம் யூஐஇமேஜ்வியூவின் இயல்புநிலையே இழுத்து நிரப்புவதுதான் என்பதால், இரண்டிலும் எழுதுவோர் இதை ஊகத்துக்கு விடாமல் வெளிப்படையாக எழுதுவது நல்லது.

[திரையில்: நினைவக வரைபடம் செங்குத்தாக ஏறுகிறது]

இனி நினைவகம். ஜேபெக் கோப்பு 3 எம்பிதானே என்று எண்ண வேண்டாம். திரையில் வரைவதற்காக அது பிட்மேப்பாக, அதாவது சுருக்கப்படாத பிக்சல்களாக, விரியும்போது, வழக்கமான வடிவத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் செலவாகும். ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சலுக்கு 4 கோடியே 80 லட்சம் பைட். காட்டும் சதுரம் எவ்வளவு சிறியதானாலும் இந்தக் கணக்கு குறையாது. என் முதல் செயலியில் இத்தகைய படங்களின் பட்டியலைச் சற்று வேகமாகத் தள்ளியதும் நினைவகம் போதவில்லை என்னும் அவுட்ஆஃப்மெமரிஎரர் வந்து செயலி மூடிக்கொண்டது. நான் பழியைப் பழைய போன்மீது போட்டேன்.

தீர்வு, படக் கோப்பைப் பிட்மேப்பாக்கும் பிட்மேப்ஃபாக்டரியிலேயே இருக்கிறது. இன்ஜஸ்ட்டிகோட்பவுண்ட்ஸ் என்னும் அதன் அமைப்பை ட்ரூ ஆக்கினால், பிக்சல்களை விரிக்காமல் படத்தின் அளவு மட்டும் கிடைக்கும். தேவை 480க்கு 360 என்று தெரிந்தபின், இன்சாம்பிள்சைஸை 8 என்று, அதாவது அகலமும் உயரமும் எட்டில் ஒரு பங்காகும்படி, வைத்து மீண்டும் படித்தால், 500க்கு 375 பிக்சல் உள்ள படம் வெறும் ஏழரை லட்சம் பைட்டில் அடங்கிவிடும். இந்த வேலையை, திரையை இயக்கும் மெயின் த்ரெட்டில் செய்யாதீர்கள். தொடுதலுக்குத் திரை பதில் சொல்லாமல் நிற்கும். கிளைடு, காயில் போன்ற ஆயத்த நிரல் நூலகங்கள் இவற்றையெல்லாம் தாமே பார்த்துக்கொள்கின்றன.

[திரையில்: பக்கவாட்டில் படுத்திருக்கும் முகம்]

நூலகம் இல்லாமல் எழுதினால் இன்னொன்றும் உண்டு. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைப் பல கேமராக்கள் படுக்கைவாட்டிலேயே சேமித்து, திருப்ப வேண்டிய கோணத்தைக் கோப்போடு சேரும் எக்சிஃப் குறிப்பில் எழுதிவைக்கும். பிட்மேப்ஃபாக்டரி அக்குறிப்பைப் பொருட்படுத்தாது. எக்சிஃப்இன்டர்ஃபேஸ் வழியாகப் படித்து நாமே திருப்ப வேண்டும். திருப்பியபின் படம் உயரமானதாகிவிடுவதால், சென்டர்கிராப்பின் 60 பிக்சல் வெட்டு இப்போது மேலும் கீழும் விழுந்து, சிலருக்கு உச்சந்தலை போய்விடும். அப்போது ஸ்கேல்டைப்பை, படத்தின் அளவையும் இடத்தையும் நாமே குறிக்க உதவும் மேட்ரிக்ஸ் ஆக்கி, படத்தின் மேல்விளிம்பைச் சதுரத்தின் மேல்விளிம்போடு பொருத்துங்கள். 120 பிக்சல் வெட்டு முழுவதும் கீழே, சட்டைப் பொத்தான்களின் பக்கம் இறங்கிவிடும்.